அம்மாயி டார்ச்சில் பார்த்த நரம்பு

அடை வைத்து ஏழு நாள் ஆனதும் அம்மாயி ராத்திரியில் கோழியைக் கிளப்பிவிட்டு ஒவ்வொரு முட்டையாக எடுத்து டார்ச் லைட்டின் முன்னால் பிடித்துப் பார்ப்பார். உள்ளே சிலந்தி வலை மாதிரி சிவப்புக் கோடுகள் தெரிந்தால், "நரம்பு ஓடிருச்சு கண்ணு, அடையிலயே வெய்யி" என்பார். ஒன்றுமே தெரியாமல் வெறும் மஞ்சளாக ஒளிர்ந்தால் அது கூமுட்டை. (எங்கள் வீட்டில் அந்தப் பட்டம் அதிகம் வாங்கியவன் நான்தான்.) அவர் தேடிய அந்த நரம்பு ஒரு கருவின் மூன்று அடுக்குகளில் நடு அடுக்கிலிருந்து, அதாவது மீசோடெர்மிலிருந்து வந்தது என்று எனக்குப் புரிய, பி.எஸ்சி. விலங்கியலில் சேர்ந்து, அதிலும் ரொம்ப நாள் ஆக வேண்டியிருந்தது.

கல்லூரியில் இதைக் கலர் பென்சிலோடுதான் படித்தோம். புற அடுக்குக்கு நீலம், நடு அடுக்குக்குச் சிவப்பு, அக அடுக்குக்கு மஞ்சள். நடு அடுக்கிலிருந்து வருபவை தசை, எலும்பு, ரத்தம், இதயம், சிறுநீரகம் என்று மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும். ஆனால் அந்தச் சிவப்பு நடுவில் எப்படி வந்தது? கொழுக்கட்டைக்குள் பூரணம் வைப்பது மாதிரி ஏதோ நடக்கிறது என்று நானாக நினைத்துக்கொண்டிருந்தேன். நடப்பது அது இல்லை. அங்கே பூரணம் என்று தனியாக ஒன்று கிடையாது, மேல் மாவே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்கிப் பூரணமாகிறது.

கோழி முட்டையையே எடுத்துக்கொள்வோம். (கடையில் வாங்கும் பண்ணை முட்டையில் இதைப் பார்க்க முடியாது, அங்கே சேவலே இல்லை, நாட்டுக்கோழி முட்டைதான் வேண்டும்.) முட்டை வெளியே வரும்போதே மஞ்சள் கருவின் மேல் ஒரு வெள்ளைப் பொட்டில் பல்லாயிரம் செல்கள் தட்டையாகப் பரவி, சூடு கிடைக்கும் வரை சும்மா காத்திருக்கும். அடை வைத்த ஆறேழு மணி நேரத்தில், பின்னால் வால் வரப்போகும் பக்கத்தில், மேல் தகட்டில் ஒரு தடிப்பு தோன்றி முன்னோக்கி நீளத் தொடங்குகிறது. அதுதான் ஆதிக்கோடு. பதினெட்டு மணி நேர வாக்கில் அது முழு நீளத்தை எட்டிவிடும். அதுவரை பக்கத்துச் செல்லோடு கைகோத்து வரிசையாக நின்ற செல்கள், இந்தக் கோட்டுக்கு வந்ததும் பிடியை விடுகின்றன. கழுத்து ஒடுங்கி, பாட்டில் மாதிரி ஆகி, ஒவ்வொன்றாகக் கீழே நழுவுகின்றன. முதலில் இறங்கியவை அடிவரை போய் அக அடுக்காகின்றன, பின்னால் இறங்கியவை இடையில் பரவுகின்றன, அதுதான் மீசோடெர்ம். இறங்காமல் மேலேயே நின்றுவிட்டவை புற அடுக்கு. ஆக மூன்று கலரும் ஒரே தகட்டிலிருந்து வந்தவைதான், இதை முதல் வகுப்பிலேயே சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

பிடியை விடுவது சாதாரண வேலை இல்லை. உயிரியலாளர் ஏஞ்செலா நியெட்டோவும் அவருடைய சகாக்களும் 1994இல் கோழிக் கருவில் ஸ்லக் என்ற மரபணுவை மட்டும் தடுத்துப் பார்த்தார்கள், செல்களால் ஆதிக்கோட்டிலிருந்து ஒழுங்காக வெளியேற முடியவில்லை. புற்றுநோய் செல்கள் இருந்த இடத்தை விட்டுக் கிளம்பும்போது கையாள்வதும் கிட்டத்தட்ட இதே வித்தைதான்.

அப்புறம் எந்தச் செல் என்னவாகும் என்பது பெரும்பாலும் அது கோட்டின் எந்த இடத்தில், எப்போது இறங்கியது என்பதைப் பொறுத்தது. முன் நுனியில் இறங்கினால் முதுகுநாண் (கருவின் முதுகில் நீளவாக்கில் ஓடும் தாங்குகோல்), அதை ஒட்டி இறங்கினால் முதுகெலும்புக்கும் தசைக்கும் போகும் பகுதி, இன்னும் பின்னால் என்றால் சிறுநீரகம், பக்கவாட்டுப் பகுதிகள், கோட்டின் பின்கோடியில் இறங்குபவை கருவுக்கு வெளியே மஞ்சள் கருவின் மேல் பரவி ரத்தமும் ரத்தக் குழாயும் ஆகும். அம்மாயி பார்த்த நரம்பு அந்தக் கடைசி வரிசைக்காரர்களின் வேலை.

இதயம் இன்னும் விசித்திரம். இதயத்துக்கான செல்கள் இடமும் வலமுமாக இரண்டு கூட்டமாகப் பிரிந்து போய், குடல் மடியும்போது நடுவில் சந்தித்து ஒன்றாகின்றன. அவற்றைச் சேரவிடாமல் தடுத்தால் ஒரே கருவில் இரண்டு இதயம் உருவாகி இரண்டுமே துடிக்கும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது சோமைட்தான். முதுகுநாணின் இரு பக்கமும் உள்ள நடு அடுக்கு, தலைப் பக்கத்திலிருந்து தொடங்கி, ஜோடி ஜோடியாகத் துண்டாகிக்கொண்டே போகும், அந்தத் துண்டுதான் சோமைட். கோழியில் 90 நிமிடத்துக்கு ஒரு ஜோடி, எலியில் சுமார் இரண்டு மணி நேரம், வரிக்குதிரை மீனில் அரை மணி. செல்லுக்குள் ஒரு கடிகாரம் இருக்க வேண்டும் என்று உயிரியலாளர் குக்கும் கணிதவியலாளர் ஸீமனும் 1976இல் கணக்குப் போட்டுச் சொன்னார்கள். 1997இல் ஒலிவியே பூர்கியேயின் குழு, 90 நிமிடத்துக்கு ஒருமுறை எரிந்து அணையும் ஒரு மரபணுவைக் கோழிக் கருவில் நிஜமாகவே கண்டுபிடித்தது. இதில் இன்னொரு குறும்பும் உண்டு: ஒரு சோமைட்டிலிருந்து ஒரு முதுகெலும்பு என்று நேராகக் கணக்கு வராது. ஒன்றின் பின்பாதியும் அடுத்ததன் முன்பாதியும் சேர்ந்துதான் ஒரு முள்ளெலும்பு, அதனால்தான் தசை இரண்டு எலும்புகளுக்கு நடுவில் பாலம் போட முடிகிறது, நாம் குனிய முடிகிறது. முதுகுவலி வரும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும், வலி என்னவோ குறைவதில்லை.

பிராக்டிகலில் ஒருமுறை 33 மணி நேரக் கரு என்று முட்டையை உடைத்து, வடிதாள் வளையத்தில் ஒட்டி எடுத்து, மைக்ராஸ்கோப்பில் சோமைட்டை எண்ணினேன். பத்து ஜோடி இருக்க வேண்டும். ஏழுதான் இருந்தது. திட்டு விழும் என்று பயந்து பத்து என்றே எழுதிவிட்டேன். மேடம் குனிந்து பார்த்துவிட்டு, "ராத்திரி கரண்ட் போச்சா?" என்றார். போயிருந்தது. இன்குபேட்டர் ஆறிப்போக, கருவும் மெதுவாகிவிட்டது.

அடுத்த லீவில் ஊருக்குப் போனபோது இதை அம்மாயியிடம் சொன்னேன். கோழி அப்படியெல்லாம் எழுந்து போகாது என்றார். அந்த முறை அவர் வைத்த பதினொரு முட்டையில் இரண்டு கூமுட்டை, மீதி ஒன்பதும் பொரித்தன.