இருபது கிட்டி

வரப்பில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். தோளில் கிடந்த இருபது எலிக் கிட்டிகளும் சேற்றில்.

"பெரியப்பா, கையைக் கொடுங்கள்" என்றான் தம்பி மகன். கொடுக்கவில்லை. மண்வெட்டியை ஊன்றி நானே எழுந்தேன். 67 வயதில் இந்த வீம்பும் இல்லாவிட்டால் எப்படி?

சம்பா கதிர் வாங்கும் நேரம். எலி தண்டைச் சாய்வாகச் சீவிப் போட்டிருக்கிறது. தஞ்சாவூர் கிட்டி என்பது வளைத்த மூங்கில், ஒரு கயிறு, நடுவில் கொஞ்சம் பொரி. பொழுது சாய வைத்து, விடியலில் எடுப்போம்.

முன்பு அறுபது வைப்பேன். இன்று மூங்கிலை வளைத்துப் பூட்டும்போது கட்டைவிரல் நடுங்கி, ஒன்று படக்கென்று நகத்தில் அடித்தது. நகம் கறுத்துவிட்டது.

தாத்தா மடையான், கொக்கு வேட்டை என்று திரிந்தவர். 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு அந்தப் பேச்சே கூடாது. எங்களுக்கு மிஞ்சியது எலிதான். (அதற்கும் ஓடத்தான் வேண்டியிருக்கிறது.)

ஆனால் கால் குறைந்ததற்குக் கண் கூடியிருக்கிறது. பையன் நாலு வரப்பு ஓடிக் காட்டிய வளைகளில் சிலந்தி வலை. நான் மூச்சு வாங்க நின்ற இடத்தில், காலடியில், ஈரம் காயாத புதுமண்.

அங்கேதான் ஏழு வைத்தோம்.

முழங்காலுக்கு வீட்டில் நல்லெண்ணெய் காய்கிறது. கூடவே திட்டும்.