சடை நாய்க்கு வருடக் கணக்கு

ஜேர்மன் ஷெப்பர்ட், பொமரேனியன், ஹஸ்கிக்கு முடி இரண்டு அடுக்கு. மேலே முரட்டு முடி, உள்ளே பஞ்சு மாதிரி உள்முடி. காசு கரைவது அந்தப் பஞ்சில்தான்.

காசுக்குக் குளிப்பாட்டி முடி சீவிவிடும் இடத்துக்குக் கொண்டுபோக வருடம் எவ்வளவு ஆகும் என்று பார்க்க, முதலில் வாகன வாடகையை எழுதுங்கள். புதுக்குடியிருப்பில் இருந்து வவுனியாவுக்கோ யாழ்ப்பாணத்துக்கோ கொண்டுபோவதென்றால், குளிப்பாட்டும் கூலியை அது விழுங்கிவிடலாம். எட்டுக் கிழமைக்கு ஒருமுறை என்றால் வருடம் 6 அல்லது 7 தடவை. வீட்டில் கிழமைக்கு 2 நாள் நீளப்பல் சீப்பால் அடிவரை சீவினால் 4 போதும். சீப்புக்கு ஒரே தடவைச் செலவு.

விலை கேட்கும்போது குளிப்பு, ஊதிக் காயவைத்தல், உள்முடி எடுத்தல், நகம், காது எல்லாம் சேர்த்தா என்று கேளுங்கள். சிக்குக்குப் பெரும்பாலும் தனிக் காசு. காதுக்குப் பின்னாலும் தொடையிலும் வாலடியிலும்தான் அது விழும். குளிக்கமுன் எடுக்காவிட்டால் நனைந்து இறுகிவிடும்.

மாரியில் காயவைக்கும் காசை மிச்சம் பிடிக்கவேண்டாம். உள்முடி ஈரமாகக் கிடந்தால் தோல் புண்ணாகும்.

சித்திரை வெயிலுக்கு மொட்டை அடிப்பது மலிவாகத் தெரியும். பிறகு வெயில் நேரே தோலில் படும். மேல்முடி திட்டுத்திட்டாக வளரும், சில நாய்களுக்குப் பழையபடி வரவே வராது. வெக்கைக்கு உள்முடியைச் சீவி எடுத்தாலே காற்றுப் போகும்.

உண்ணி மருந்து வேறு கணக்கு. அதை இதற்குள் போடாதீர்கள்.