ஜப்திக்கு வந்த மினி லாரி

ஆட்சியர் அலுவலகத்தின் நிலமெடுப்புப் பிரிவில் நான் உதவியாளராக இருந்த ஏழு ஆண்டுகளில் மூன்று முறை கோர்ட் அமீனா, அதாவது அரசு கட்டாத பணத்துக்காக அலுவலகச் சாமான்களை எடுத்துப் போக வரும் நீதிமன்ற ஊழியர், ஜப்திக்கு வந்தார். முதல் முறை எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மூன்றாம் முறை, "உட்காருங்க சார், டீ சொல்றேன்" என்றேன். அந்த இரண்டுக்கும் நடுவில் எனக்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மறுநாள் பேப்பரில் ஜீப், நாற்காலி, கம்ப்யூட்டர் என்று படத்தோடு செய்தி வரும். படிப்பவர்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாற்காலிக்குப் பின்னால் பெரும்பாலும் இருபது வருடக் கதை இருக்கும். சாலைக்கென்றோ வீட்டுமனைக்கென்றோ ஒருவர் நிலத்தை 1894ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டப்படி எடுத்திருப்போம் (2014இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது). விலை போதாது என்றால், கோர்ட் முடிவு செய்யட்டும் என்று அவர் அந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்படி எங்களிடம் மனு கொடுக்க முடிந்தது. தீர்வம், அதாவது நிலத்துக்கு நாங்கள் முடிவு செய்த விலை, அறிவித்த அன்று ஆள் எதிரில் இருந்திருந்தால் அதற்கு ஆறு வாரம்தான் கெடுவாக இருந்தது. ஒரு நாள் தாண்டினாலும் மனுவை வாங்க எங்களுக்கு அதிகாரம் இருக்கவில்லை. நானே இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மனு போய், சார்பு நீதிமன்றம் விலையை உயர்த்தித் தீர்ப்பு சொன்னபின் அரசின் முறை வரும். எங்களுக்குக் கிடைப்பது தாராளமான அவகாசம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 82ஆம் பிரிவுப்படி மூன்று மாதம் கழியாமல் அரசின் மேல் தீர்ப்பை நிறைவேற்றக்கூட முடியாது.

அந்த மூன்று மாதத்துக்குள் பணத்தைக் கட்டலாம். இல்லையென்றால் மேல்முறையீடு போட்டுத் தடை வாங்கலாம். நாங்கள் இரண்டையும் செய்யாமல் கோப்பை மட்டும் அனுப்பிக்கொண்டிருப்போம். முதலில் அரசு வழக்கறிஞரின் கருத்துரை கேட்டு ஒரு கடிதம். (சொத்து, பணம் போன்ற உரிமையியல் வழக்குக்கு ஜி.பி. எனும் கவர்மெண்ட் பிளீடர், குற்ற வழக்குக்கு பி.பி. எனும் பப்ளிக் பிராசிக்யூட்டர். ஊர் மக்கள் இருவரையும் 'கவர்மெண்ட் வக்கீல்' என்பார்கள். நிலப் பணம் கேட்டு பி.பி. வீட்டு வாசலில் நின்றவர்களும் உண்டு.) அவர், "மேல்முறையீட்டுக்கு உகந்தது" என்று ஒரு வரி எழுதுவார். கோப்பு துறைத் தலைவரிடம் போய், சென்னைக்குப் போய், "கூடுதல் விவரம் அனுப்பவும்" என்று திரும்பி வரும். இதில் சோம்பல் மட்டும் இல்லை, பயமும் இருக்கிறது. 'பணத்தைக் கட்டிவிடலாம்' என்று எழுதினால் தணிக்கையில் கேள்வி வரும். 'மேல்முறையீடு செய்யலாம்' என்று எழுதினால் ஒருவரும் எதுவும் கேட்பதில்லை. நான் எழுதிய குறிப்புகளில் முக்கால்வாசி இரண்டாம் வகைதான்.

வட்டியோ எங்கள் பயத்துக்காகக் காத்திருக்காது. அந்தப் பழைய சட்டப்படி, நிலத்தைக் கையகப்படுத்திய நாளிலிருந்து முதல் வருடம் 9 சதவீதம், அதன்பின் 15 சதவீதம். நீதிமன்றம் கூட்டிக் கொடுத்தது ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிலத்தைக் கட்டாயமாக எடுத்ததற்காகத் தரும் 30 சதவீத ஆறுதல் தொகை சேர்ந்தால் 1,30,000. இருபது வருடத்தில் வட்டி மட்டும் 3,82,200 ரூபாய் ஆகிவிடும். இந்தக் கணக்கை என் கையாலேயே போட்டு, 'கனிவான உத்தரவுக்கு' என்று எழுதி மேலே அனுப்பியிருக்கிறேன். கணக்கைச் சரிபார்த்து டிக் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள்.

2012இல் உச்ச நீதிமன்றம் அஞ்சல் துறையின் 427 நாள் தாமதத்தை மன்னிக்க மறுத்தது. கோப்பு மேசை மேசையாகப் போனதெல்லாம் ஒரு காரணமாகாது, காலவரையறை அரசுக்கும் உண்டு என்பது அதன் சாரம். அதன் நகல் எங்கள் பிரிவுக்கும் வந்தது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் சேர்த்தோம்.

என்னை உறுத்துவது வேறொரு தாள். அரசின் மேல் வழக்குப் போடுமுன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80ஆம் பிரிவுப்படி இரண்டு மாதம் முன்னதாக அறிவிப்பு அனுப்ப வேண்டும். கோர்ட்டுக்குப் போகாமலே தவறைத் திருத்திக்கொள்ள அரசுக்குக் கிடைக்கும் வாய்ப்பு அது. ஒரு பெண்மணியின் நிலத்தை எடுத்தபோது உட்பிரிவு எண்ணைத் தப்பாக எழுதிவிட்டோம். அவர் அனுப்பிய அறிவிப்பைப் பிரித்துப் படித்தபோதே அவர் சொல்வது சரி என்று எனக்குத் தெரிந்தது. திருத்த அரை நாள் வேலை. வழக்கு எண் வந்தபின் பார்க்கலாம் என்று தேதி முத்திரை குத்திக் காகிதக் கட்டோடு வைத்தேன். வழக்கு எண் வந்தது. நான் மாறுதலாகிப் போனபோதும் அது நடந்துகொண்டிருந்தது.

மூன்றாம் ஜப்தி அன்று அமீனா டீ குடித்துக்கொண்டிருக்க, நான்கு நாற்காலியும் ஒரு பீரோவும் வராந்தாவுக்கு வந்திருந்தன. ஆட்சியரின் நேர்முக உதவியாளர் இறங்கி வந்து, ஒரு மாதத்தில் பணம் கட்டுவதாக எழுதிக் கொடுத்தார். ஆட்சியரின் பணியாளரான டபேதார் நாற்காலிகளைத் திரும்ப உள்ளே வைத்தார். வழக்கில் ஜெயித்த பெரியவர் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றார், சாமான் ஏற்றக் கூட்டி வந்த மினி லாரிக்குப் பக்கத்தில். டிரைவர் வாடகை கேட்டுக்கொண்டிருந்தான். அவர் வேட்டி மடிப்பிலிருந்து நோட்டுகளை எடுத்து எண்ணிக் கொடுத்தார். அப்புறம் என்னிடம் வந்தார்.

"தம்பி, இந்த வண்டி வாடகையும் அந்தப் பணத்தோட சேர்ந்து வருமா?"

"அதுக்கு வக்கீல்கிட்ட சொல்லித் தனியா மனுப் போடணும், ஐயா" என்றேன்.