ரிச்மண்டில் அன்று வராதவர்கள்

2020 ஜனவரி 20. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத் தலைநகர் ரிச்மண்டில் எலும்பைத் துளைக்கும் குளிர். சட்டமன்றத்தைச் சுற்றி, துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டங்களை எதிர்த்துத் திரண்ட ஏறத்தாழ 22,000 பேர். நெஞ்சில் ஆரஞ்சு நிற ஸ்டிக்கர்: ‘துப்பாக்கிகள் உயிரைக் காக்கின்றன.’ வளாகத்துக்குள் ஆயுதங்களுக்குத் தடை இருந்ததால், பலர் வேலிக்கு வெளியே தோளில் ரைஃபிளோடு நின்றார்கள்.

அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். முந்தைய நவம்பர் தேர்தலில் மாநிலச் சட்டமன்றப் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்குக் கைமாறியதுமே ஊர் ஊராக உள்ளாட்சிக் கூட்டங்களை நிரப்பினார்கள். புதிய துப்பாக்கிச் சட்டங்களை எதிர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளில் தீர்மானம் போட வைத்தார்கள். அன்றைய பேரணியிலும் வன்முறை இல்லை. ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை.

எட்டே மாதங்களுக்கு முன்னால், அதே மாநிலத்தின் வர்ஜீனியா பீச் நகரில், ஒரு மாநகராட்சிக் கட்டடத்தில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். வேலைக்குப் போனவர்கள் வீடு திரும்பவில்லை. துப்பாக்கி விற்பனைக்கெல்லாம் வாங்குபவரின் பின்னணிச் சோதனை வேண்டும், ஆபத்தானவர் என்று நீதிமன்றம் கருதினால் அவரிடமிருந்து துப்பாக்கியைத் தற்காலிகமாகக் கைப்பற்றி வைக்க வேண்டும். புதிய சட்டங்கள் முக்கியமாகக் கேட்டது இதைத்தான். இது அதிகமா?

அந்தச் சட்டங்கள் நிறைவேறிவிட்டன. ஜூலையில் அமலுக்கும் வந்தன. தாக்குதல் ரக ரைஃபிள்களுக்கான தடை மட்டும் மாநில மேலவையான செனட்டின் குழுவிலேயே நின்றுபோனது. ஆளுங்கட்சியினர் நால்வரே எதிராக வாக்களித்தார்கள்.

அன்று மார்ட்டின் லூதர் கிங் நினைவு விடுமுறை. துப்பாக்கிக்குப் பலியானோருக்காக ஆண்டுதோறும் அந்த விடுமுறை நாளில் அங்கே அஞ்சலிக் கூட்டம் நடந்துவந்தது. அந்த ஆண்டு அமைப்பாளர்கள் பாதுகாப்புக்கு அஞ்சி அதை ரத்து செய்துவிட்டார்கள்.