ஃபோல்டர் திறக்கும் ஸ்கிரிப்ட்: வேலைக் குறிப்பேடு

மார்ச் 3

விண்டோஸ் வேலைகளைத் தானாகச் செய்யவைக்கும் ஸ்கிரிப்ட் மொழியான ஆட்டோஹாட்கீயில் ஃபோல்டர் திறக்க ரன் கட்டளையும் பாத்தும் (ஃபோல்டர் இருக்கும் இடத்தின் முகவரி) போதும். 1.1 பதிப்பில் பாத்தை அப்படியே எழுதலாம், 2.0-இல் மேற்கோள் குறிக்குள்தான் வர வேண்டும். பழைய ஸ்கிரிப்ட்டைப் புதுப் பதிப்பில் ஓட்டினால் முதலில் இடறுவது இங்கேதான்.

ஆட்டோஹாட்கீயில் பாத்தில் வரும் பேக்ஸ்லாஷ் (\) தொல்லை தராது, எஸ்கேப் குறி (அடுத்த எழுத்தின் பொருளை மாற்றும் குறி) பேக்டிக் (`) என்பதால். பைத்தானில் கதை வேறு. ஃபோல்டர் பெயர் ஆங்கிலச் சிறிய 'என்'னில் தொடங்கினால், முன்னால் நிற்கும் பேக்ஸ்லாஷும் அதுவும் சேர்ந்து புதுவரிக் குறியாகிவிடும். மேற்கோளுக்கு முன் 'ஆர்' போட்டால் சரியாகும். ஆனால் 'ஆர்' போட்ட சரத்தையும் ஒற்றை பேக்ஸ்லாஷில் முடிக்க முடியாது.

மார்ச் 5

பாத்துக்கு முன்னால் எக்ஸ்ப்ளோரர் (விண்டோஸில் ஃபோல்டர்களைக் காட்டும் புரோகிராம்) என்று சேர்த்து எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை விட்டுவிடுவது நல்லது. ஃபோல்டர் இல்லையென்றால் எக்ஸ்ப்ளோரர் வாய் திறக்காது. டாக்குமென்ட்ஸ் போல வேறெதையாவது திறந்து வைக்கும். அடுத்த வரி கோப்புகளை அழிக்கும் வரியாக இருந்தால் என்ன ஆகும்? பாத்தை நேராக ரன்னுக்குக் கொடுத்தால் 2.0-இல் பிழை எழும். பிழையைக் கையாளும் ட்ரை போட்டு அதைப் பிடிக்கலாம். அதற்கும் முன்னால் ஃபோல்டர் இருக்கிறதா என்று டிர்எக்ஸிஸ்ட் வைத்துச் சோதிப்பது இன்னும் பத்திரம்.

எக்ஸ்ப்ளோரருக்கு முன்சாய்வுக் கோடு போட்ட பாத்தும் ஆகாது. அதை ஸ்விட்ச் (புரோகிராமுக்குத் தரும் கூடுதல் உத்தரவு) என்று எடுத்துக்கொள்ளும்.

எக்ஸ்ப்ளோரரைப் பெயர் சொல்லி அழைத்தே ஆக வேண்டிய இடம், ஒரு கோப்பைத் தேர்ந்தெடுத்த நிலையில் ஃபோல்டரைத் திறப்பது. செலக்ட் ஸ்விட்ச், ஒட்டி ஒரு கமா, பிறகு மேற்கோளுக்குள் கோப்பின் முழுப் பாத். 1.1-இல் அந்தக் கமாவுக்கு முன் பேக்டிக் தேவை.

மார்ச் 6

'பேக்கப்' என்ற ஃபோல்டரும் அதே பெயரில் ஒரு இஎக்ஸ்இ கோப்பும் ஒரே இடத்தில் இருந்தால், ஃபோல்டருக்குப் பதில் புரோகிராம் ஓடக்கூடும். பாத்தின் கடைசியில் பேக்ஸ்லாஷ் சேர்த்தால் போதும்.

மார்ச் 10

ஃபோல்டர் திறந்துவிட்டதா என்று அறிவதுதான் பெரிய வேலை. ரன் தரும் பிஐடியை (ஓடும் புரோகிராமின் அடையாள எண்) நம்ப முடியாது; ஃபோல்டருக்கு அது பெரும்பாலும் காலியாகவே வரும். விண்டோவைத் திறப்பது ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எக்ஸ்ப்ளோரர். ஸ்கிரிப்ட் அதனிடம் விண்ணப்பம் கொடுப்பதோடு சரி. புரோகிராம் முடியும்வரை காத்திருக்கும் ரன்வெயிட்டில் எக்ஸ்ப்ளோரரைப் போட்டாலும் பயனில்லை: உடனே திரும்பிவிடும், எக்ஸிட் கோடும் (வழக்கமாக வெற்றிக்கு 0) வெற்றியிலேயே 1 என்று வரும்.

விண்டோவின் டைட்டிலை வைத்துத் தேடுவதும் ஓட்டைதான். வழக்கமாக அதில் ஃபோல்டர் பெயர்தான் இருக்கும், முழுப் பாத் இருக்காது. 'கேபினட் டபிள்யூ கிளாஸ்' என்ற விண்டோ கிளாஸை (எக்ஸ்ப்ளோரர் விண்டோக்களின் வகைப் பெயர்) வைத்து, விண்டோ வரும்வரை காத்திருக்கும் வின்வெயிட் போட்டால், முன்பே திறந்திருக்கும் வேறொரு ஃபோல்டரைப் பார்த்து "வந்தாச்சு" என்று சொல்லிவிடும். திறப்பதற்கு முன் அந்தக் கிளாஸின் ஹேண்டில்களை (ஒவ்வொரு விண்டோவுக்கும் உள்ள அடையாள எண்) வின்கெட்லிஸ்ட்டால் எடுத்து வைத்து, திறந்தபின் 100 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை ஒப்பிட்டு, புதிதாக வந்ததைப் பிடிக்கலாம். 5 செகண்டில் வராவிட்டால் விட்டுவிட வேண்டும். முடிவில்லாத லூப் வேண்டாம்.

விண்டோஸ் 11-இல் ஃபோல்டர் டேபாகத் திறந்தால் புது ஹேண்டில் வராது. அங்கே ஷெல் அப்ளிகேஷன் என்ற காம் ஆப்ஜெக்ட்தான் (ஸ்கிரிப்ட்டிலிருந்து எக்ஸ்ப்ளோரரோடு பேசும் வழி) கை கொடுக்கும். அதன் விண்டோஸ் பட்டியலில் ஒவ்வொரு டேபும் தனி உருப்படி. டாக்குமென்ட், ஃபோல்டர், செல்ஃப், பாத் என்று இறங்கினால் முழுப் பாத் கிடைக்கும். மூடிக்கொண்டிருக்கும் விண்டோவில் இந்தச் சங்கிலி அறுந்து பிழை தரும், அதனால் ட்ரைக்குள் வைக்கவும். இன்னொன்று: ஒரே விண்டோவின் டேப்களுக்கு ஹேண்டில் ஒன்றே. வின்ஆக்டிவேட் விண்டோவை முன்னால் கொண்டுவரும், டேபை மாற்றாது.

மார்ச் 14

சாதாரணமாக ஓடுகிற ஸ்கிரிப்ட் அட்மினாக ஓட்டும்போது மட்டும் "ஃபோல்டர் இல்லை" என்றால், பாத்தில் நெட்வொர்க் டிரைவ் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மேப் செய்த (நெட்வொர்க் ஃபோல்டருக்கு எழுத்துக் கொடுத்த) டிரைவ் அட்மின் டோக்கனுக்கு, அதாவது அட்மின் உரிமையோடு ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கு, தெரியாது. இரட்டை பேக்ஸ்லாஷ், சர்வர் பெயர், ஷேர் பெயர் என்று முழுதாக எழுதினால் தீரும்.

மார்ச் 15

டெஸ்க்டாப் பாத்தைக் கையால் எழுத வேண்டாம். ஒன்டிரைவ் அதை இடம் மாற்றியிருக்கலாம். ஆட்டோஹாட்கீயின் ஏ_டெஸ்க்டாப் மாறியே போதும்.

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டை ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் 'பயனர் லாகின் செய்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓட்டு' என்று வைத்தால் எந்த விண்டோவும் திரையில் வராது. ஃபோல்டர் கண்ணில் பட வேண்டுமென்றால் 'லாகின் செய்திருக்கும்போது மட்டும்' என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.