பிரீமியரிலிருந்து ரிசால்வுக்கு: மாறும் முன் போட வேண்டிய கணக்கு

"டைம்லைன் திக்குகிறது." பிரீமியர் ப்ரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளை விட்டு டாவின்ச்சி ரிசால்வுக்கு மாற நினைப்பவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். பெரும்பாலான நேரம் கோளாறு கோப்பில் இருக்கிறது. மொபைலும் சிறிய கேமராக்களும் தரும் எச்.264, எச்.265 என்ற சுருக்க முறைக் கோப்புகளில் எல்லா ஃபிரேமும் முழுப் படமாக இருக்காது. அங்கொன்று இங்கொன்றுதான் முழுசு. மற்றவை பக்கத்து ஃபிரேம்களிலிருந்து என்ன மாறியது என்ற குறிப்பு மட்டுமே. நடுவில் எங்காவது பிளேஹெட்டை (டைம்லைனில் நாம் இருக்கும் இடத்தைக் காட்டும் கோடு) வைத்தால், மென்பொருள் பின்னால் போய் முழு ஃபிரேமைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டு வர வேண்டும். பிரீமியர் ப்ரோவில் திக்கும் கோப்பு டாவின்ச்சி ரிசால்விலும் திக்கத்தான் வாய்ப்பு அதிகம்.

அதனால் முதல் வேலை, இப்போது இருக்கும் மென்பொருளிலேயே ப்ராக்ஸி, அதாவது எடிட்டுக்கு மட்டும் பயன்படும் இலகுவான நகல், போட்டுப் பார்ப்பது. 1920×1080 அளவில், 30 ஃபிரேம் வேகத்தில் புரோரெஸ் (எடிட்டுக்கு ஏற்ற ஆப்பிளின் கோப்பு வகை) 422 ப்ராக்ஸி வினாடிக்குச் சுமார் 45 மெகாபிட் பிடிக்கும். ஒரு மணி நேரக் காட்சிக்கு 20 ஜிபி. முழு புரோரெஸ் 422 என்றால் 147 மெகாபிட், மணிக்கு 66 ஜிபி. ப்ராக்ஸியில் ஓட்டம் சீராகிவிட்டால் மாறுவதற்கான காரணங்களில் ஒன்று அங்கேயே கழிந்தது.

ஒலியும் வாயசைவும் போகப் போக விலகுவதும் இதே வகைதான். மொபைல் கோப்புகளின் ஃபிரேம் வேகம் நிலையாக இருப்பதில்லை. ஹேண்ட்பிரேக் என்ற கோப்பு மாற்றும் மென்பொருளில் நிலையான ஃபிரேம் வேகத்தைத் தேர்ந்து மாற்றிவிட்டு, பிறகு எடிட்டுக்குள் கொண்டுவந்தால் எந்த மென்பொருளிலும் அது சரியாக உட்காரும்.

இவற்றையெல்லாம் பார்த்த பிறகும் மாறத் தோன்றினால், அப்போது ஒப்பிடலாம்.

ரிசால்வின் உண்மையான பலம் வண்ணம். அது பிறந்ததே வண்ணத் திருத்தக் கருவியாகத்தான். 2009இல் பிளாக்மேஜிக் டிசைன் அதை வாங்கிய பிறகுதான் எடிட், ஒலி, கிராஃபிக்ஸ் எல்லாம் சேர்ந்தன. பிரீமியரின் வண்ணக் கருவியான லுமெட்ரியில் திருத்தங்கள் ஒரே பட்டியலாக அடுக்கப்பட்டிருக்கும். ரிசால்வில் ஒவ்வொரு திருத்தத்தையும் நோடு எனும் தனிக் கட்டமாகப் பிரித்து, எது முன், எது பின் என்று நாமே தீர்மானிக்கலாம். லாக் காட்சியில் (பிறகு வண்ணம் திருத்துவதற்காக வெளிறிய நிறத்தில் பதிவானது) இதன் அருமை தெரியும்: எக்ஸ்போஷரை எல்யூடிக்கு (LUT, லாக் நிறத்தை இயல்பான நிறமாக மாற்றும் அட்டவணை) முந்தைய நோடில் குறைத்தால் வானத்து மேகம் திரும்பி வரும். எல்யூடிக்குப் பிறகு குறைத்தால், வெட்டுப்பட்ட வெள்ளை சாம்பலாக மாறுமே தவிர விவரம் வராது. லாக்கில் படம் பிடிப்பவர்களுக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து. நேர்காணல், பாடம், திரைப்பதிவு போன்றவற்றை வெட்டி ஒட்டுபவர்களுக்கு இது பெரிய லாபமில்லை.

இலவசப் பதிப்பை நம்பி இறங்குபவர்கள் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வெளியீடு 3840×2160 வரை, 60 ஃபிரேம் வரை. நாய்ஸ் ரிடக்‌ஷன் கிடையாது. அது ஸ்டூடியோ பதிப்பில் மட்டும். லினக்ஸில் இலவசப் பதிப்பு எச்.264, எச்.265 காட்சிகளைத் திறக்காது. ஷட்டர் என்கோடர் போன்ற மாற்றும் மென்பொருளில் படத்தை டிஎன்எக்ஸ்எச்ஆர் (எடிட்டுக்கு ஏற்ற வகை) ஆக, ஒலியை பிசிஎம் (சுருக்காத ஒலி) ஆக மாற்றித்தான் உள்ளே கொண்டுவர முடியும். இன்னொன்று, ரிசால்வ் கிராஃபிக்ஸ் கார்டை நம்பி ஓடும் மென்பொருள். ஸ்டூடியோ பதிப்பிலும் 4 ஜிபி கார்டில் 4கே டைம்லைன் வைத்து நாய்ஸ் ரிடக்‌ஷனும் போட்டால், ஜிபியு நினைவகம் நிரம்பிவிட்டது என்ற எச்சரிக்கை வந்து நிற்கும். 8 ஜிபிக்குக் குறைந்த கார்டு என்றால் டைம்லைனை 1920×1080இல் வைத்து வேலை செய்துவிட்டு, வெளியீட்டின்போது மட்டும் 4கே ஆக்குவது நல்லது.

உரிமம் பற்றிய பேச்சில் மாதக் கட்டணத்தை மட்டுமே பார்க்கிறோம். சந்தாவை நிறுத்தினால் பிரீமியர் திறக்காது. பழைய புராஜெக்ட் கோப்புகள் நம்மிடம் இருந்தும் பயனில்லை. ரிசால்வ் ஸ்டூடியோ ஒருமுறை வாங்குவது, ஒரே சமயம் இரண்டு கணினிகளில் இயக்கலாம். ஃபைனல் கட் ப்ரோ மேக், ஐபேட் ஆகிய ஆப்பிள் கருவிகளில் மட்டும். கேடென்லைவ், ஷாட்கட் என்ற எடிட்டிங் மென்பொருள்கள் திறந்த மூலம், பழைய கணினியிலும் ஓடும், ஆனால் வண்ண வேலைக்கு அவற்றை நம்பி இறங்கச் சொல்ல மாட்டேன்.

மாறுவது என்று முடிவானால் பழைய வேலைகளை எப்படிக் கொண்டுபோவது? பலர் சறுக்குவது இங்கேதான். பிரீமியரிலிருந்து ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ்எம்எல் (டைம்லைனின் அமைப்பை எழுத்தாகக் குறித்துவைக்கும் கோப்பு) ஆக ஏற்றுமதி செய்தால் வெட்டுகள், டிசால்வ், இடம், அளவு, சீரான வேக மாற்றம் ஆகியவை வரும். லுமெட்ரி திருத்தம், டைட்டில், வார்ப் ஸ்டெபிலைசர், வெளியார் பிளக்இன் எதுவும் வராது. ஆகவே ஏற்றுமதிக்கு முன் சீக்வென்ஸை நகலெடுத்து, அந்த நகலில் பல கேமராக்களை ஒன்றாக அடுக்கிய மல்டிகேம் கிளிப்களைத் தட்டையாக்கி, தேர்ந்தெடுத்த கேமராவின் கிளிப்பாக மாற்றுங்கள். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் செய்து இணைத்த கிராஃபிக்ஸ் காம்ப்களை ரெண்டர் செய்து அந்தக் கோப்பையே அதே இடத்தில் வையுங்கள். அணைத்து வைத்த கிளிப்களை நீக்குங்கள்.

அளவு குழப்பம் எல்லாருக்கும் வரும். பிரீமியரில் 100 சதவீதம் என்றால் கோப்பின் அசல் பிக்சல் அளவு. ரிசால்வோ இயல்பாகக் கோப்பைத் திரைக்குப் பொருத்திவிட்டு, அதைத்தான் 1 என்று எண்ணும். 1920×1080 டைம்லைனில் 4கே காட்சியை 50 சதவீதத்தில் வைத்திருந்தால், மறுபக்கம் அது பாதித் திரையில் சுருங்கி நிற்கும். ரிசால்வின் புராஜெக்ட் செட்டிங்ஸில் இமேஜ் ஸ்கேலிங் பகுதிக்குப் போய், அளவு பொருந்தாத கோப்புகளுக்கு 'சென்டர் கிராப் வித் நோ ரீசைசிங்' தேர்ந்துவிட்டு இறக்குமதி செய்தால் பெரும்பாலும் சரியாகும். பிரீமியர் பக்கம் 'ஸ்கேல் டு ஃபிரேம் சைஸ்' போட்ட கிளிப்கள் இருந்தால், முதலில் அவற்றை 'செட் டு ஃபிரேம் சைஸ்' ஆக மாற்றுங்கள். பின்னதுதான் அளவை எண்ணாக எழுதிவைக்கும்.

ஃபிரேம் வேகத்தை முதலிலேயே வையுங்கள். ரிசால்வில் மீடியா உள்ளே வந்த பிறகு புராஜெக்டின் டைம்லைன் ஃபிரேம் வேகம் பூட்டிக்கொள்ளும். 25 வேண்டிய இடத்தில் 24 இருப்பதைப் பாதி வேலையில் கவனித்தால் எரிச்சல்தான் மிஞ்சும்.

எக்ஸ்எம்எல்லுடன் முழு சீக்வென்ஸையும் ஒரே வீடியோவாக, டைம்கோடு (ஃபிரேம் வரை நேரம் காட்டும் எண்) படத்தின் மேல் பொறித்து வெளியிடுங்கள். ரிசால்வில் அதை ஆஃப்லைன் ரெஃபரன்ஸ் கிளிப்பாகச் சேர்த்து, வைப் (இரண்டு படங்களையும் பாதி பாதியாகக் காட்டும் வசதி) போட்டு டைம்லைனோடு ஒப்பிட்டால், எந்தக் கிளிப் ஒரு ஃபிரேம் நகர்ந்திருக்கிறது என்பது கண்ணில் படும். இந்தச் சோதனையைத் தவிர்க்கவே கூடாது.

ஒலியில் ஒரு பழக்கம் மாறும். ரிசால்வில் ஒவ்வொரு டிராக்குக்கும் மோனோ, ஸ்டீரியோ என்று வகை உண்டு. மைக் இடப்பக்கம் மட்டும் கேட்டால் கிளிப் ஆட்ரிபியூட்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய், இரண்டு சேனலுக்கும் அதே மூலத்தைக் கொடுங்கள்.

தமிழ் டைட்டில் போடுபவர்களுக்குத் தனி எச்சரிக்கை. எழுத்தைச் சேர்த்து வடிவமைக்கும் வசதி சரியில்லாத டைட்டில் கருவியில் 'கொ' என்பதன் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். பிரீமியரில் பிரிஃபரன்சஸ், கிராஃபிக்ஸ் பகுதியில் தெற்காசிய எழுத்து எஞ்சினைத் தேர்ந்தால் இது தீரும். மாறப்போகும் மென்பொருளில் 'கெ, கேள்வி, கொடி, கோபம், ஸ்ரீ' என்று அடித்துப் பாருங்கள், அதன் ஒவ்வொரு டைட்டில் கருவியிலும். பிசகினால் இங்க்ஸ்கேப்பில் எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி ஆக்கிக் கொண்டுவாருங்கள்.

ஷார்ட்கட்டைப் பற்றிக் கவலை வேண்டாம். ரிசால்வின் கீபோர்டு அமைப்பில் பிரீமியருக்கும் ஃபைனல் கட்டுக்கும் அவிடுக்கும் ஆயத்தப் பட்டியல்கள் உண்டு.

முடிவெடுக்க நான் சொல்லும் சோதனை இது: ஏற்கெனவே முடித்த ஒரு வேலையில் மிகக் கடினமான இரண்டு நிமிடத்தை எடுத்து, புதிய மென்பொருளில் முதலிலிருந்து கட்டுங்கள். நடந்துகொண்டிருக்கும் வேலையில் ஒருபோதும் வேண்டாம். அந்த இரண்டு நிமிடத்தில் எங்கே மாட்டினீர்களோ, அங்கேதான் அடுத்த ஆறு மாதமும் மாட்டுவீர்கள்.

மாறத் தீர்மானித்தால், சந்தா முடிவதற்குள் பழைய வேலை ஒவ்வொன்றுக்கும் இவற்றை எடுத்து வையுங்கள்: புரோரெஸ் 422 எச்க்யூவில் ஒரு மாஸ்டர், எழுத்து இல்லாத இன்னொரு மாஸ்டர், பேச்சு, இசை, ஒலி விளைவு மூன்றும் தனித்தனி வேவ் கோப்புகளாக, கூடவே எக்ஸ்எம்எல். ஆறு மாதம் கழித்து ஒரு பெயரை மட்டும் மாற்றச் சொல்லி யாராவது வந்தால், எழுத்தில்லாத மாஸ்டரின் மேல் புது டைட்டிலை வைத்து அனுப்பிவிடலாம்.