போக மறுத்த டைரக்டரி: பிஎஸ்டி தேர்வுக்குப் படித்தபோது

எல்பிஐ (லினக்ஸ் புரொஃபெஷனல் இன்ஸ்டிட்யூட்) நடத்தும் பிஎஸ்டி ஸ்பெஷலிஸ்ட் தேர்வில் 90 நிமிடத்தில் 60 கேள்விகள். யூனிக்ஸ் வழிவந்த ஃப்ரீபிஎஸ்டி, நெட்பிஎஸ்டி, ஓபன்பிஎஸ்டி என்ற மூன்று இயங்குதளங்களுமே தெரிந்திருக்க வேண்டும். தேர்வில் என்ன கேட்டார்கள் என்று வெளியே சொல்லக் கூடாது. அதனால், படிக்கும்போது என் இரண்டு இரவைத் தின்ற ஒரு சிக்கலை மட்டும் சொல்கிறேன்.

நெட்பிஎஸ்டியின் தொகுப்புத் திரட்டு, அதாவது மென்பொருள்களைக் கட்டி நிறுவ உதவும் கோப்புகளின் தொகுதி, பிகேஜிசோர்ஸ். 1997-ல் ஃப்ரீபிஎஸ்டியின் இதே போன்ற திரட்டான போர்ட்ஸை அடிப்படையாக வைத்துத் தொடங்கியது; மூன்று மாதத்துக்கு ஒரு கிளை, அதாவது ஒரு தனிப் பதிப்பு, வெளியிடுவார்கள். நான் பழைய கிளை ஒன்றை இறக்கி, சில தொகுப்புகளைக் கட்டிப் பார்த்துவிட்டுப் புதிய கிளைக்கு மாற்றினேன். எல்லா டைரக்டரிக்குள்ளும் போய் மேக் (மேக்ஃபைல் என்ற கோப்பில் உள்ளபடி மென்பொருளைக் கட்டும் கட்டளை) ஓட்ட ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வைத்திருந்தேன். அது நடுவழியில் நின்றது. திரட்டிலிருந்து எப்போதோ நீக்கப்பட்ட தொகுப்புகளின் டைரக்டரிகள் என்னிடம் அப்படியே கிடந்தன, உள்ளே மேக்ஃபைல் இல்லாமல்.

முதல் காரணம் எளிது. திரட்டை இறக்கவும் அப்டேட் செய்யவும் நான் பயன்படுத்தியது சிவிஎஸ் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி. அது கோப்புகளுக்குத்தான் வரலாறு வைக்கும், டைரக்டரிகளுக்கு இல்லை. நீக்கிய கோப்பு சேமிப்பகத்தில் ‘ஆட்டிக்’ என்ற பரணுக்குப் போகும், டைரக்டரி அங்கேயே இருக்கும். எனவே அப்டேட் செய்யும்போது இரண்டு எழுத்துகள் வேண்டும்: புதிய டைரக்டரிகளைக் கொண்டுவரச் சின்ன டி, காலியானவற்றை அகற்றப் பெரிய பி. நான் டியை மட்டும் போட்டிருந்தேன். வீட்டு டைரக்டரியில் புள்ளி-சிவிஎஸ்ஆர்சி கோப்பில் இரண்டையும் எழுதிவிட்டால் மறக்காது.

சரி, பியும் போட்டேன். பாதிதான் போயிற்று. மிச்சமிருந்த பலவற்றில் ‘ஒர்க்’ டைரக்டரி, அதாவது நான் கட்டியபோது உருவான குப்பை. சிவிஎஸ்ஸுக்குத் தெரியாத பொருள் ஒன்று உள்ளே இருந்தாலும் அது டைரக்டரியைத் தொடாது. அந்தக் குப்பையை அழிக்கும் மேக் கிளீன் கொடுக்கலாமே என்றால், அப்டேட் மேக்ஃபைலையே எடுத்துப் போய்விட்டதே! கிளீனை அப்டேட்டுக்கு முன்னால் செய்திருக்க வேண்டும். கடைசியில் கையால்தான் அழித்தேன்.

இரண்டாவது இரவு முழுக்க ஒரே ஒரு டைரக்டரியோடு போனது. கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கொடுத்தால் சிவிஎஸ்ஸின் சொந்த டைரக்டரி மட்டும். அப்டேட் வெளியீட்டில் தெரியாத கோப்புக்கு வரும் கேள்விக்குறியும் இல்லை. ஆனாலும் போகவில்லை. எல்எஸ்ஸோடு, மறைந்த கோப்புகளையும் காட்டும் ஏ சேர்த்தபோது ஆள் அகப்பட்டான்: புள்ளியும் ஹாஷும் முன்னால், பதிப்பு எண் பின்னால் கொண்ட ஒரு மேக்ஃபைல். முன்பு நான் திருத்திய கோப்பில், திரட்டிலிருந்து வந்த மாற்றத்தோடு மோதல் வந்தபோது சிவிஎஸ் எடுத்துவைத்த பழைய நகல். அந்தப் பெயர் வடிவத்தைச் சிவிஎஸ் தன் புறக்கணிப்புப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதனால் கேள்விக்குறி போடாது, ஆனால் டைரக்டரி காலி என்றும் ஒத்துக்கொள்ளாது. ‘ஓரிக்’, ‘ரெஜ்’ என்று முடிகிற, பேட்ச் (திருத்தங்களைக் கோப்பில் பொருத்தும் கட்டளை) விட்டுப்போகும் கோப்புகளும் இப்படித்தான். நான் இதைப் புத்திசாலித்தனம் என்று சொல்ல மாட்டேன்.

அப்புறம் நான் மாற்றிக்கொண்டது ஒன்றுதான். ஒர்க் டைரக்டரி திரட்டுக்குள் உருவாகவே விடுவதில்லை. நெட்பிஎஸ்டியில் எம்கே-டாட்-கான்ஃப் கோப்பில் டபிள்யூஆர்கே-ஓபிஜே-டிஐஆர் என்ற மாறிக்கு வேறு இடம் கொடுத்தால் போதும். ஃப்ரீபிஎஸ்டியில் இதே வேலைக்கு டபிள்யூஆர்கே-டிஐஆர்-பிரிஃபிக்ஸ். படிக்கிறவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம், தனியாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீபிஎஸ்டி போர்ட்ஸ் 2021-ல் கிட் என்ற இன்னொரு பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மாறிவிட்டது. அங்கே மிச்சத்தைக் கூட்டித் தள்ளக் கிட் கிளீன் இருக்கிறது. முதலில் ‘என்’, ‘டி’ என்ற எழுத்துகளைப் போட்டு எதெல்லாம் போகும் என்று பாருங்கள், பிறகு ‘என்’னுக்குப் பதில் ‘எஃப்’ போடுங்கள். சிவிஎஸ்ஸிலும் அப்டேட் என்ற சொல்லுக்கு முன்னால் ‘என்’ போட்டால் எதையும் மாற்றாமல் சொல்லிக்காட்டும்.

பழக விரும்பினால் மெய்நிகர் கணினி ஒன்றில் ஐந்தாறு வருடம் பழைய காலாண்டுக் கிளையை இறக்கி, நாலு தொகுப்பைக் கட்டி, கிளீன் செய்யாமலே புதிய கிளைக்குத் தாவுங்கள். பழைய கிளையின் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும், எனவே ஆர் போட்டுப் புதிய கிளையின் பெயரைக் கொடுக்க மறக்காதீர்கள்.